எல்லை தாண்டுவதில்லை என்ற தீர்மானம்

எங்கள் வாசிப்பு வட்டம் முதலில் தடைசெய்தது தோடம்பழத்தை. புளோரிடாவிலிருந்து வரும் தோடம்பழத்தை மட்டும்தான். மொரோக்கோவிலிருந்து வந்தால் சாப்பிடலாம். அடுத்த மாதம் கலிபோர்னியா ஸ்ட்ரோபெரி போனது. அதற்கடுத்த மாதம், தேநீருக்குச் சற்று முன்னர், தலைவர் அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, அமெரிக்க இலக்கியத்தையும் நிறுத்தினால் என்ன என்று கேட்டார்.

கனடாவைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று எல்லைக்கு அந்தப் பக்கத்தில் பேச்செழுந்த காலம் அது. ரொறன்ரோவுக்குத் திடீரென்று நாட்டுப்பற்று வந்துவிட்டது. வந்ததில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு வந்ததைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முப்பத்தைந்து வருடமாக "நாங்கள் இஞ்ச விருந்தாளியள்தானே" என்று மேடைக்கு மேடை பேசிய தலைவர் அண்ணை, தன் காரின் இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் மேப்பிள் இலைக் கொடி செருகிக்கொண்டு வந்து இறங்கினார். அவருக்கு எழுபத்தாறு வயது, ஊரில் கணக்கு வாத்தியார். கடையில் தக்காளிச் சோஸ் போத்தலைத் திருப்பித் திருப்பி, எந்த ஊர்த் தக்காளி என்று கண்ணாடி போட்டு வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வருடம் முழுவதும் நாங்கள் கொடுத்த நாவல்களில் ஒன்றைக்கூட அவர் அவ்வளவு கவனமாக வாசித்ததில்லை.

வட்டம் என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிடக்கூடாது. மொத்தம் பதினொரு பேர். ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில், நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். நான் செயலாளர். பதினான்கு வருடமாக நானேதான். கூட்டக்குறிப்பு எழுத மற்றவர்களுக்குப் பஞ்சி, எனக்கோ அந்தப் பதவியில் ஒரு ரகசிய ஆசை. அந்த வருடத்துக்கு நாங்கள் எடுத்திருந்த தலைப்பு 'அமெரிக்க இலக்கியத்தில் நாடுநீங்கலும் நாட்டுப்பற்றும்'. தலைப்பைச் சொன்னதும் நான். கட்டுரை வாசிக்கப்போவதும் நான். அதற்காக ஆறு மாதம் வாசித்திருந்தேன்.

எங்கள் கூட்டம் தொடங்கும் முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பதினொரு பேர் என்றாலும் நாங்கள் ஒரு தேசம் போலத்தான் தொடங்குவோம். முதலில் தலைவர் அண்ணையின் கைபேசியில் கனடாவின் தேசிய கீதம். பிறகு தமிழ்மொழி வாழ்த்து. அது முடிந்ததும் உட்காராமல், போரில் மாண்டவர்களுக்காகத் தலை குனிந்து ஒரு நிமிட அகவணக்கம். கடைசியில் தலைவர் அண்ணை "அமருங்கோ" என்பார். இந்த நகரத்தில் தமிழர் கூடும் எந்த விழாவும் இப்படித்தான் தொடங்கும். நூல் வெளியீடு, அரங்கேற்றம், பழைய மாணவர் ஒன்றுகூடல் எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்கு. ஒருமுறை ஒரு பல் வைத்தியர் புதிய நிலையம் திறந்தார். அங்கேயும் பல் பிடுங்கும் கதிரையைச் சுற்றி நின்று அகவணக்கம் செலுத்தினோம்.

ஒரு நிமிடம் என்பது பெயருக்குத்தான். நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறேன், இருபத்திரண்டுக்கு மேல் போனதில்லை. அதற்குள் யாராவது இருமுவார்கள். பின்னால் தேநீருக்கு வாங்கிவந்த றோல்ஸ் பெட்டி திறக்கும் வாசனை வரும். ஒருவரின் கைபேசி கட்டாயம் அடிக்கும். இறந்தவர்களை யாரும் நினைப்பதில்லை என்பதே என் கருத்து. நானும் நினைத்ததில்லை, எண்ணிக்கொண்டு நிற்பேன். என் மகள் சிறுபிள்ளையாக இருந்தபோது இந்த விழாக்களுக்கெல்லாம் அவளை இழுத்துக்கொண்டு போவேன். வீட்டில் தனியே விட முடியாது. அகவணக்கத்தின்போது அவள் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டுமென்று முழங்கைக்கு மேலே கிள்ளி, "தலையைக் குனி" என்பேன். சபை முழுக்கப் பொய்யாக நிற்கிறது என்று தெரிந்துகொண்டே என் பிள்ளை மட்டும் ஒழுங்காக நிற்கவேண்டும் என்று நினைத்தவள் நான்.

அமெரிக்க இலக்கியத்தை நிறுத்தும் யோசனைக்கு நான் எழும்பி மறுப்புச் சொன்னேன். அமெரிக்கா மேல் பாசம் வந்து அல்ல. ஆறு மாதம் வாசித்துச் சேர்த்து வைத்த ஏளனம் முழுவதும் வீணாகப் போய்விடுமே என்ற பதற்றம்.

"அண்ணை, அவையளை ஏசுறதெண்டாலும் முதல்ல வாசிக்கவேணும்" என்றேன்.

"தங்கச்சி, காசு குடுத்து வாங்கினால் அவைக்குத்தானே லாபம்?"

"நூலகத்திலை எடுத்தால்?"

அவர் யோசித்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, இரண்டு பக்கமும் சரிவர வேண்டும். கடைசியில் தீர்மானம் இப்படி வந்தது. அமெரிக்க நூல்களை இரவல் எடுத்து வாசிக்கலாம், வாங்கக்கூடாது. அதற்கு ஈடாக, நிலைமை சீராகும்வரை வட்டத்தின் அங்கத்தவர் எவரும் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் போவதில்லை. எங்கள் கவிஞர் உடனே கை தூக்கினார். பனியும் அகதித்தனமுமாகப் பதினாறு தொகுப்புப் போட்டவர் அவர். ஒவ்வொரு ஆடி மாதமும் ஊருக்குப் போய், தான் கட்டிய ஏசி வீட்டில் இருந்து நாடிழந்த கவிதை எழுதிக்கொண்டு வருகிறவர். அவருக்கு அமெரிக்காவில் ஒரு வேலையும் இல்லை, கை தூக்குவதில் என்ன கஷ்டம்? தீர்மானத்தை வழிமொழிய ஆள் கேட்டபோது நான் வழிமொழிந்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "என்னைப் பொறுத்தவரை அந்த எல்லைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டன்" என்றும் சொன்னேன். கை தட்டினார்கள். அதையும் கூட்டக்குறிப்பில் என் கையாலேயே எழுதிக்கொண்டேன்.

என் ஒரே மகள் அந்த எல்லைக்கு அப்பால் பஃபலோவில் எட்டு வருடமாக இருக்கிறாள். ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. கை தட்டும்போது அது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. எட்டு வருடத்தில் இரண்டு தரம்தான் போயிருந்தேன், இனி ஒரு வருடம் போகாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

தீர்மானம் நிறைவேறிப் பத்து நாளில் அவள் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, எனக்கு டேற் வந்திட்டுது. சிற்றிசன்சிப் செரிமனி. வியாழக்கிழமை."

"எந்த நாட்டுச் சிற்றிசன்சிப்?" தெரிந்துகொண்டே கேட்டேன்.

"அம்மா, ப்ளீஸ். டோன்ற் ஸ்ராட்."

"இஞ்ச பிறந்தனி. இந்த நாடு உனக்கு என்ன குறை வைச்சது? உலகமே அவங்களைத் தூக்கி எறியிற நேரம் பார்த்து நீ போய்ச் சத்தியம் பண்ணப் போறாய்."

"எனக்கு இஞ்சைதான் வேலை இருக்கு, வீடு இருக்கு. இட்ஸ் நொட் அபவுட் லவ். கனடாவையும் நான் விடேல்லை. நீங்கள் ராணிக்குச் சத்தியம் பண்ணினது லவ்விலையோ?"

கனடாக் குடியுரிமை எடுத்த அன்று, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, இங்கிலாந்து மகாராணிக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று நானும் கணவரும் வரிசையில் நின்று சொன்னோம். நான் சொல்லவில்லை, வாயை மட்டும் அசைத்தேன். அதைப் பெரிய புரட்சி என்று பல வருடம் நண்பர்களுக்குச் சொல்லித் திரிந்திருக்கிறேன். அவர் மட்டும் உரக்கச் சொன்னார். எல்லோரையும்விட உரக்க. வெளியே வந்ததும் நான் அவரைக் கிண்டல் பண்ணினேன், அவர் சிரித்தார்.

"அம்மா," என்றாள் மகள், குரலை இறக்கி. "ரெண்டு பேருக்கு இடம் எழுதிக் குடுத்திருக்கிறன். நீங்கள் வராட்டி வேறை ஆரையும் கூப்பிட மாட்டன். கொன்வகேஷனுக்கும் நீங்கள் வரேல்லை. இதுக்கும் வராட்டி, இனி ஒண்டுக்கும் கேக்கமாட்டன். கோவத்திலை சொல்லேல்லை. கேட்டுக் கேட்டு எனக்குக் களைச்சுப் போச்சு."

அவளுடைய பட்டமளிப்பு நாளன்று நான் எங்கள் கவிஞரின் ஒன்பதாவது தொகுப்புக்கு ஆய்வுரை ஆற்றிக்கொண்டிருந்தேன். தலைப்பு, தாய்மையும் தாய்மண்ணும். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

"பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாவது இடம் யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

சத்தியப்பிரமாணம் வியாழக்கிழமை. என் கட்டுரை அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் முழுவதும் மகளை நினைக்காமல் இருப்பதற்காகக் கட்டுரையைச் செப்பனிட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அமெரிக்க எழுத்தாளர்களின் நாடுநீங்கல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே எரிச்சல். எங்களுக்கு நாடுநீங்கல் என்றால் ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாவது மாடியில் ஓர் அறைக்குள் ஏழு பேர், குளியலறைக்கு முறை வைத்து நிற்பது, அகதிக் கோரிக்கைக் கடிதம் வருகிறதா என்று தபால்பெட்டியைத் தினம் நாலு தரம் திறப்பது. அவர்களுக்கு அது கடற்கரைப் பட்டினம், மத்தியானமே திறக்கும் மதுப்புட்டி, கடவுச்சீட்டு மேசை இழுப்பறைக்குள் பத்திரமாக. நினைத்த அன்று கப்பல் ஏறலாம். ஏறாமல் இருப்பதற்குப் பெயர் துயரம். நாட்டை முந்நூறு பக்கம் திட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் தூரத்து ரயிலின் ஊதலைக் கேட்டவுடன் உருகிவிடுவார்கள்.

எல்லோரையும் அப்படிச் சொல்ல முடியாது. உணவுக்கடையில் பக்கத்துக் கதிரையில் இருக்க விடாத நாட்டைவிட்டுப் போன கறுப்பின எழுத்தாளர்கள் இருந்தார்கள். அவர்களின் பக்கங்களைத் திருப்பும்போது என் வாய் தானாக மூடிக்கொண்டது. கட்டுரையிலும் அவர்களைக் கைதொழுது ஒதுக்கி வைத்துவிட்டேன். மற்றவர்களைத் துவைத்துக் காயப்போட்டேன். அண்மைக்காலத்தில் வருகிற அகதிப் பிள்ளைகளின் நாவல்களையும் விடவில்லை. அவற்றில் வரும் அம்மாக்கள் எல்லோரும் ஒரே அம்மா. பழம் வெட்டிக் கொடுப்பாள். அரைகுறை ஆங்கிலத்தில் ஞானம் பேசுவாள். கடைசிக்கு முதல் அத்தியாயத்தில் செத்துப்போவாள். நான் என் மகளுக்கு ஒருநாளும் பழம் வெட்டிக் கொடுத்ததில்லை. தோலோடு கொடுத்தனுப்பினேன், அவளும் சாப்பிட்டாள் என்று எழுதினேன். அந்த இடத்தில் சபை சிரிக்கும் என்று ஓரத்தில் குறியும் போட்டு வைத்தேன்.

புதன்கிழமை பின்னேரம் கட்டுரையைக் கடைசித் தடவையாக உரத்து வாசித்துப் பார்த்தேன். அதன் நடுவில் ஒரு நாவலைப் பற்றி நாலு பக்கம் வரும். ஒஹாயோவில் இருந்து போன ஒருவன் பிரான்ஸில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பதினொரு வருடம் இருக்கிறான். ஊரை நினைத்துப் புலம்புகிறான், ஆனால் போகவில்லை. அவனைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு, முத்தாய்ப்பாக இப்படி எழுதியிருந்தேன்: 'பதினொரு வருடத்தில் ஊரிலிருந்து ஒரு நாய்கூட அவனைப் பார்க்கப் போகவில்லை. பிறகென்ன தாய்நாடு?'

உரத்து வாசித்த அந்தக் குரல் எனக்கே கேட்டது. எட்டு வருடத்தில் இரண்டு தரம். அதில் ஒன்று, பஃபலோவில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போன வழியில்.

தொலைபேசி அடித்தது. தலைவர் அண்ணை.

"தங்கச்சி, ஞாயிறு கட்டுரையை முன்கூட்டி ஒருக்கால் பாத்தால் நல்லது. நாளைக்குப் பின்னேரம் உங்கடை வீட்டுப் பக்கம் வரட்டோ?"

"நாளைக்கு ஏலாது அண்ணை. பல்லு டொக்டரிட்டைப் போறன்."

"மகள் அங்காலைப் பக்கம்தானே, பஃபலோவிலை. அவவைப் பாக்கப் போறீங்களோ எண்டு நினைச்சன். இல்லைத்தானே? தீர்மானம் இருக்கு."

"பல்லு அண்ணை" என்றேன். அறுபத்தொரு வயதில், சொந்தப் பிள்ளையைப் பார்க்கப் போவதற்கு இல்லாத பல்வலியைச் சொன்னேன். அடைக்கலம் கேட்டு வந்த காலத்தில் குடிவரவு அதிகாரியிடம்கூட நான் அவ்வளவு கூச்சத்தோடு பொய் சொன்னதில்லை.

காலையில் பஸ் ஏறினேன். தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் இருக்கையில் அமர்ந்தேன். எல்லையில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். என் முறை வந்தபோது இளம் அதிகாரி ஒருவர் எதற்காக வருகிறேன் என்று கேட்டார். மகள் இன்று அமெரிக்கக் குடியுரிமை எடுக்கிறாள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. "குடும்ப விசயம்" என்றேன். நல்லதா கெட்டதா என்று அவர் கேட்டார். இப்படியொரு கேள்வி அவர்களின் பட்டியலில் இருக்குமென்று நான் நினைக்கவில்லை. கடைசியில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து வாழ்த்துச் சொன்னார். எனக்கு எதற்கு வாழ்த்து என்று புறுபுறுத்துக்கொண்டு மறுபடி பஸ்ஸில் ஏறினேன்.

விழா ஒரு நீதிமன்ற மண்டபத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு. குடியுரிமை எடுப்பவர்கள் முன்னால், விருந்தினர் பின்னால். நான் போனபோது மகள் ஏற்கெனவே முன்னால் மூன்றாவது வரிசையில் இருந்தாள், கறுப்புச் சட்டையும் கட்டையாக வெட்டிய தலைமயிரும். திரும்பித் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினாள், உடனே இறக்கினாள். எனக்கு ஒதுக்கிய கதிரையில் அமர்ந்தேன். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. அதில் என் கோட்டையும் பையையும் போட்டேன்.

எல்லோர் கையிலும் குச்சியில் ஒட்டிய சின்னக் கொடி கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று. அதை மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். முன்னால் பெரிய தொப்பி போட்ட ஒருவர் தொடங்கமுன்னரே அழுதுகொண்டிருந்தார். திரையில் மலை, நதி, கோதுமை வயல், குழந்தைகளின் சிரிப்பு. கட்டுரைக்கு இன்னும் இரண்டு பக்கம் கிடைத்தது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். பிறகு எல்லோரையும் எழும்பச் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பெண்ணொருத்தி வந்து அமெரிக்க தேசிய கீதம் பாடினாள். நல்ல குரல், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டு முடிந்தது.

நான் தலையைக் குனிந்து கண்ணை மூடினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கீதம் முடிந்தால் தலை குனிய வேண்டும், இந்த உடம்புக்கு அவ்வளவுதான் தெரியும். மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஏழு எண்ணும்போது கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. என்ன மரியாதை கெட்ட சனம் என்று நினைத்தேன். பன்னிரண்டில் யாரோ என் சேலை முந்தானையை மெல்ல இழுத்தார்கள். பதினைந்தில் எனக்கு உறைத்தது. இது வோபர்ன் அல்ல. இங்கே அகவணக்கம் இல்லை. "அமருங்கோ" என்று சொல்லத் தலைவர் அண்ணை வரப்போவதும் இல்லை.

வெட்கத்தில் காது சூடேறியது. கண்ணைத் திறந்தேன். மண்டபம் முழுவதும் அமர்ந்திருந்தது. நீதிபதி மேடையில் காகிதத்தோடு காத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, அமர்ந்திருந்த அத்தனை தலைகளுக்கும் நடுவில், என் மகள் தலையைக் குனிந்தபடி, கை இரண்டையும் முன்னால் கோத்துக்கொண்டு, அசையாமல் நின்றாள்.

நானும் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை. அவளைத் தனியே நிற்கவிட்டு நான் எப்படி உட்காருவது? எத்தனை செக்கன் என்று எனக்குத் தெரியாது, எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. அவள் தலை நிமிர்ந்தாள். சுற்றிப் பார்த்தாள், திடுக்கிட்டாள், வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பின்னால் திரும்பி, நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள். தூரத்திலிருந்தே அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. சிரிப்பு. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். நீதிபதி காகிதத்தைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார். பிறகு அவள் அந்த நாட்டுக்குச் சத்தியம் செய்தாள். அவள் வாயை மட்டும் அசைக்கவில்லை. தகப்பனைப் போல உரக்கச் சொன்னாள், எனக்குப் பின்வரிசையிலும் கேட்டது.

அவள் காரில் ஏறியும் சிரிப்பு நிற்கவில்லை.

"அம்மா, ஐ கான்ற் பிலீவ் இற். எல்லாரும் என்னை எவ்வளவு பெரிய பேட்ரியட் எண்டு நினைச்சிருப்பினம்!"

"நான் பழக்கதோசத்திலை நிண்டுட்டன்" என்றேன். "நீயும் அப்பிடித்தானே?"

"முதல்ல பழக்கம்தான்." காரை ஓட்டத் தொடங்காமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "பிறகு அப்பாவை நினைச்சுக்கொண்டு நிண்டுட்டன். அந்த மினிற் எனக்கு எப்பவும் அப்பாதானே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எப்பவும் எண்டால்?"

"அப்பா செத்த நாளிலை இருந்து. நீங்கள் கூட்டிக்கொண்டு போற எல்லா இடத்திலையும் அதைச் செய்வினம்தானே. எல்லாரும் ஆரையோ நினைக்கினம், நான் அப்பாவை நினைப்பன். வீட்டிலை நீங்கள் அப்பாவைப் பற்றிக் கதைக்கிறேல்லை. அதாலை எனக்கு அந்த மினிற்றுக்காகவே உங்கடை போரிங் மீற்றிங் எல்லாத்துக்கும் வர விருப்பம். நீங்கள் கிள்ளுறது மட்டும்தான் பிடிக்காது."

அவர் போகும்போது அவளுக்கு ஒன்பது வயது. அவருக்குக் கார்ப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. தை மாதத்துக் குளிரில் வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு நடந்து போகிற வழியில் நெஞ்சு வலித்து விழுந்தார். போரில் மாண்டவர்கள் பட்டியலில் அவர் இல்லை. எந்த மேடையிலும் அவருக்காக யாரும் எழும்பி நின்றதில்லை. நானும் நின்றதில்லை. நிற்கிறவர்களின் பொய்யை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில், என் விரலுக்குள் அகப்பட்ட கையோடு, ஒரு பிள்ளை உண்மையாக நின்றிருக்கிறாள்.

"மற்ற இடம்..." என்று தொடங்கினேன்.

"ஓம். சில்லி ஐடியாதான்" என்றாள். "ரெண்டு பேர் எண்டு எழுதேக்கை நல்லா இருந்தது."

அந்தக் கதிரையில் என் கோட்டைப் போட்டு வைத்திருந்தேன். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. முன்னால் இருந்து அழுத தொப்பிக்காரரை மனதுக்குள் கிண்டல் பண்ணியவள்தான் நான். மகள் கை நீட்டி என் முழங்கைக்கு மேலே, அந்தப் பழைய இடத்தில், மெல்லக் கிள்ளினாள்.

அன்றிரவு அவள் வீட்டில் தங்கினேன். வெள்ளிக்கிழமையும் தங்கினேன். சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் கட்டுரையின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். 'தீர்மானத்தை வழிமொழிந்த செயலாளர், வியாழக்கிழமை அதை மீறி எல்லை தாண்டினார்' என்று தொடங்கியது. மற்றப் பக்கங்களில் அதிகம் கை வைக்கவில்லை. ஒஹாயோக்காரன் மேல் எனக்கு இப்போதும் கோபம்தான். ஆனால் 'ஒரு நாய்கூட' என்ற வரிக்குப் பக்கத்தில், இதை எழுதியவளுக்கும் இது பொருந்தும் என்று சேர்த்தேன். சபை சிரிக்கும் என்று போட்ட குறியை அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தள அறையில் பத்துப் பேர் வந்திருந்தார்கள். கவிஞர் ஆடி மாதம் நெருங்குவதால் விமானச் சீட்டு அலுவலாகப் போயிருந்தார். தலைவர் அண்ணை என் பல்லைப் பற்றி விசாரித்தார். "கட்டுரையிலை சொல்லுறன் அண்ணை" என்றேன். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கைபேசியில் கனடாவுக்குக் கீதம் பாடினோம். தமிழுக்கு வாழ்த்துப் பாடினோம். தலைகள் குனிந்தன.

நான் எண்ணவில்லை. பதினேழாவது மாடியில் ஏழு பேருக்கு நடுவில் குளியலறைக்கு முறை வைத்து நின்ற ஒருவரை நினைத்தேன். நான் வாயசைத்து ஏமாற்றிய சத்தியத்தை எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர். அப்படிச் சொன்னதற்காக மனைவி கேலி செய்தபோது சிரித்தவர். விழுந்த அன்று அவர் போட்டிருந்த கோட்டின் நிறம் என்னவென்று ஞாபகப்படுத்தப் பார்த்தேன். மண்ணிறமா, சாம்பலா? பிடிபடவில்லை. யாரோ இருமினார்கள். பின்னால் றோல்ஸ் பெட்டி திறந்தது.

"அமருங்கோ" என்றார் தலைவர் அண்ணை.

கதிரைகள் இழுபட்டன. எல்லோரும் இருந்தார்கள்.

"பொறுங்கோ அண்ணை," என்றேன், தலையை நிமிர்த்தாமல். "எனக்கு இன்னும் முடியேல்லை."